பதினாறு வீட்டுக்கும் ஒரே விருந்தறை

"எப்போ கிளம்பறே மச்சான்?"

மூன்றே சொல்தான். வாயைத் திறந்தால் வந்துவிடும். ஆனால் வரைபடக்காரருக்கு வந்தபாடில்லை. காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பார். அட்சரம் பிசகாமல் வரும். ஹாலுக்கு வந்து மைத்துனன் முகத்தைப் பார்த்ததும் அதுவே "காப்பி குடிச்சியா மச்சான்?" என்று மாறிவிடும்.

இத்தனைக்கும் மனிதர் வாயில்லாப் பூச்சி இல்லை. நகரமைப்பு அலுவலகத்தில் படம் வரைகிறவர். சாலை எங்கே போகணும், பூங்கா எங்கே வரணும், சாக்கடை எங்கே திரும்பணும் என்று பென்சிலால் உத்தரவு போடுகிறவர். அதனால்தான் கட்டிடத்தில் பதினாறு வீட்டாரும் அவரை வரைபடக்காரர் என்றே அழைத்தார்கள். ஒரே கோட்டில் ஒரு பஸ் நிலையத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளியவர் அவர். சொந்த மைத்துனனை மட்டும் சின்ன அறையிலிருந்து ஓரங்குலம் நகர்த்த முடியவில்லை.

காரணம், நன்றி.

போன வருஷம் அலுவலகப் படியில் சறுக்கி வலது காலை முறித்துக்கொண்டார். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மனைவியின் தம்பிக்கோ லிஃப்ட் மெக்கானிக் வேலை. செய்தி கேட்டு ஓடி வந்தவன், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் தானே லிஃப்ட் ஆகிவிட்டான். அத்தானை முதுகில் ஏற்றிக் கீழே இறக்கினால் ஆஸ்பத்திரி. முதுகில் ஏற்றி மேலே கொண்டுவந்தால் கட்டில். ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பானா? கிடையாது. "அத்தான், கழுத்தைக் கொஞ்சம் லூசா பிடிச்சுக்கங்க" என்றதைத் தவிர ஒரு குறை சொன்னதில்லை. அப்படிச் சுமந்தவனை எந்த வாயால் போகச் சொல்வது? நன்றி நெஞ்சில் இருக்க வேண்டிய சமாசாரம். இவருக்கு அது தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கால் கூடிவிட்டது. மைத்துனன் கூடவே இருந்துவிட்டான்.

அவன் படுத்திருந்த சின்ன அறைதான் வரைபடக்காரரின் உயிர். எதிரெதிரே இரண்டு ஜன்னல். மின்விசிறியே வேண்டாம், காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். மாடிப்படிப் பக்கம் தனியாக ஒரு கதவு வேறு. அங்கேதான் அவருடைய சாய்வு மேஜை, அட்டை, கத்தி, பசை. நகரக் கண்காட்சிக்கு ஒரு பேட்டையின் மாதிரியை அட்டையில் செய்து தரும்படி மேலதிகாரி சொல்லியிருந்தார். இத்தனை வருஷ வேலையில் அவர் பேர் போட்டு வைக்கப்போகிற முதல் பொருள் அது. கண்காட்சிக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு மேஜை வேண்டும், அமைதி வேண்டும், முக்கியமாக, மைத்துனன் இல்லாத அறை வேண்டும்.

மைத்துனன் கெட்டவன் இல்லை. ஆனால் ஒழுங்காக ஓடுகிற சாமானைக் கண்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. ஏன் ஓடுகிறது என்று திறந்து பார்த்துவிடுவான். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மூடினான். கடிகாரம் முன்னைவிட நன்றாகவே ஓடியது, ஆனால் ஒரு சக்கரம் மிச்சமிருந்தது. அதை அத்தான் கையில் கொடுத்து "பத்திரமா வெச்சுக்கங்க" என்றான். ஒரு நாள் வரைபடக்காரர் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால், பாதி முடிந்த அட்டைப் பூங்காவின் நடுவில் அவனுடைய சாப்பாட்டு டப்பா உட்கார்ந்திருந்தது. மூன்று மரம் போச்சு.

"மச்சான்..." என்று ஆரம்பித்தார் வரைபடக்காரர்.

"என்ன அத்தான்?"

"...இன்னும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கலாமே?"

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் நகராட்சி பசுமைப் பேட்டைத் திட்டத்தை அறிவித்தது. மின்சாரம், தண்ணீர், இடம், இதில் எதையாவது மிச்சம் பிடிக்கும் புது யோசனையை ஒவ்வொரு கட்டிடத்து மக்களும் கூடிப் பேசி, ஒருவர் விடாமல் ஒத்துக்கொண்டு, நடத்திக் காட்ட வேண்டும். யோசனை தேறினால் அந்தத் தெரு முழுவதற்கும் மழைநீர்த் தொட்டி, மொட்டைமாடிச் சூரியத் தகடு, இரண்டு பக்கமும் நிழல் மரம். கோடையில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற தெரு அது. மரம் என்றதும் கட்டிடமே வாயைப் பிளந்தது.

வரைபடக்காரருக்கு மட்டும் மரம் தெரியவில்லை. மைத்துனன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் காட்சி தெரிந்தது.

அன்று சாயங்காலம் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துத் தானும் மடித்தார். வருஷத்தில் ஒரு முறை நடக்கிற காரியம் அது. மனைவி அப்போதே உஷாராகிவிட்டாள். இவருக்குத்தான் அது தெரியவில்லை.

"ஒரு யோசனை."

"சொல்லுங்க."

"நம்ம கட்டிடத்துல எத்தனை வீடு?"

"பதினாறு. படம் போட்டு மாட்டினதே நீங்கதானே."

"பதினாறு வீட்டுலயும், எப்பவோ வர்ற விருந்தாளிக்குன்னு ஒரு ரூம் சும்மா கிடக்கு. அதைக் கூட்டணும், பெருக்கணும், விளக்கு போடணும்."

"நம்ம வீட்டுல சும்மா கிடக்கலையே. என் தம்பி கிடக்கான்."

வரைபடக்காரருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பொதுவாச் சொல்றேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு விருந்தறை. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அங்கேதான் படுக்கணும். வீட்டுக்குள்ள மிச்சமாகிற ரூம் வீட்டு ஜனத்துக்கு. இட நெருக்கடி குறையும். ஊர் இன்னும் வெளியே வெளியே பரவிப் போய் வயலை முழுங்க வேண்டியதில்லை. எப்படி?"

"ரூம் ஒண்ணு, வீடு பதினாறு. அடிச்சுக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் ஒரு விதி. எந்த விருந்தாளியும் ஒரு வாரத்துக்கு மேல தங்கக் கூடாது."

"ஓ."

"யாரா இருந்தாலும்."

"ஓஹோ."

"நான் யாரையும் மனசுல வெச்சுச் சொல்லலை."

"சேச்சே, நீங்க அப்படிப்பட்டவரா?" என்றாள் மனைவி. அவர் மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். "அருமையான யோசனைங்க. எனக்கு ஏன் இது தோணலை?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி அவரை 'ஆனா' சேர்க்காமல் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் பயந்திருப்பான். வரைபடக்காரர் பூரித்துப் போனார்.

இங்கே மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை அவளுடையது. பல்வலிக்காரர்களுக்கு நேரம் ஒதுக்குவது அவள் வேலை. அவள் யாருக்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது. "உங்களுக்குக் காலையில வசதியா, சாயங்காலமா?" என்று தேனாகக் கேட்பாள். காலையில் என்பார்கள். "ரொம்ப நல்லது, அப்போ சாயங்காலம் வாங்க" என்பாள். அவர்களும் வலிக்கிற வாயால் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைப்பார்கள். சாயங்காலம் வந்து உட்காரும்வரை தாங்கள் கேட்டது காலை நேரம் என்பதே அவர்களுக்கு ஞாபகம் வராது. இப்படிப்பட்டவளிடம் திட்டம் போட்டுக் காட்டிய மனிதரை என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம். முதல் மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ரயில் கார்டுதான் சங்கத் தலைவர். கார்டு ஐயா என்று பெயர். பழைய விசிலை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதை ஊதினால்தான் கூட்டம் புறப்படும்.

விசில் ஊதியது. வரைபடக்காரர் எழுந்தார். மடியில் கட்டி வைத்திருந்த பேச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டார். இடம் என்பது பொதுச் செல்வம் என்றார். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது, இருப்பதைப் பயன்படுத்துவதுதான் உண்மையான பசுமை என்றார். விளக்கும் விசிறியும் இல்லாமலே வெளிச்சமும் காற்றும் வருகிற அறைதான் வருங்காலத்தின் அறை என்றார். நோக்கம் கோணலாக இருந்தாலும் யோசனை நேராகத்தான் இருந்தது. அதுதான் வேடிக்கை. பேசப் பேச அவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

"விதி மூணே மூணு," என்று முடித்தார். "ஒண்ணு, விருந்தாளி வீட்டுக்குள்ள தங்கக் கூடாது, பொது அறையிலதான் தங்கணும். ரெண்டு, ஒரு வாரம்தான். மூணு, ஒவ்வொரு விருந்தாளிக்கும் இந்தக் கட்டிடத்து ஆள் ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். 'இவர் என் விருந்தாளி'ன்னு சொல்ல ஆள் இல்லாம யாரும் உள்ளே போகக் கூடாது."

எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுந்தார். "அண்ணே, எங்க அக்கா முட்டிவலி வைத்தியத்துக்கு இங்கே வரணும்னு ரொம்ப நாளாச் சொல்றா. என் வீட்டுல மெஷினும் துணியும் போக நிக்கத்தான் இடம். எங்கே படுக்க வைக்கறதுன்னு நானும் வாயைத் திறக்காம இருந்தேன். நீங்க நல்லாயிருக்கணும் அண்ணே."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரைபடக்காரருக்கு என்னவோபோல் ஆனது. மைத்துனனைத் துரத்தப் போட்ட திட்டத்துக்கு ஒருத்தி கண்கலங்கி வாழ்த்துகிறாளே என்று சங்கடப்பட்டார். ஆனால் வாழ்த்து நல்ல வாழ்த்து. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முடியுமா? வாங்கி வைத்துக்கொண்டார்.

"எந்த ரூம்?" என்றார் கார்டு ஐயா.

"கீழே மாடிப்படிக்கு அடியில ஒரு ஸ்டோர் ரூம் இருக்கே. அதை..."

"ஒரு சின்ன சந்தேகம்," என்றாள் மனைவி, கடைசி வரிசையிலிருந்து.

குரல் தேனாக இருந்தது. அப்போதாவது அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"கேளும்மா," என்றார் கார்டு ஐயா.

"அந்த ஸ்டோர் ரூம்ல பட்டப்பகல்லயே கையை நீட்டினா கை தெரியாது. நாள் பூரா விளக்கு எரியணும், விசிறி சுத்தணும். இவர் இப்போதான் எவ்வளவு அழகாச் சொன்னார், விளக்கும் விசிறியும் வேண்டாத ரூம்தான் வருங்காலத்து ரூம்னு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அதனால கேக்கறேன், அப்படி ஒரு ரூம் நம்ம கட்டிடத்துல எங்கேயாவது இருக்குங்களா?"

கார்டு ஐயா மாடிச் சுவரில் மாட்டியிருந்த கட்டிட வரைபடத்தருகே போனார். வரைபடக்காரர் கைப்பட வரைந்தது. எல்லா வீடும், எல்லா ஜன்னலும், எல்லாக் கதவும் அதில் சுத்தமாக இருந்தன. மனிதருக்குத் தொழிலில் பொய் வராது.

"எதிரெதிர் ஜன்னல் வேணும்," என்று விரலை ஓட்டினார் கார்டு ஐயா. "வீட்டு ஜனத்துக்குத் தொந்தரவு இல்லாம தனிக் கதவும் வேணும். முதல் மாடியில இல்லை. ரெண்டாவது மாடியிலயும் இல்லை..."

விரல் மூன்றாவது மாடிக்கு ஏறியது. வரைபடக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடே! வரைபடக்காரரே, உம்ம சின்ன ரூம்!"

கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். தன் அறையையே ஊருக்குக் கொடுக்கத்தான் இத்தனை நேரம் பேசியிருக்கிறார், அதைத் தன் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு ஸ்டோர் ரூம் என்று மழுப்பியிருக்கிறார் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். "பெரிய மனசு" என்று இரண்டாவது மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரிய மனசுக்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சரி, அறை போனாலும் ஆள் போவான் என்று ஒரு ஆறுதல் இருந்தது. விதி விதிதானே. ஒரு வாரம் முடிந்தால் மைத்துனன் பெட்டியைக் கட்டியாக வேண்டும். ஹால் அகலமானது, மேஜையை அங்கே போட்டுக்கொள்ளலாம். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ நான் கிளம்பணும் இல்லையா?" என்றான் மைத்துனன். அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, யார் வீட்டு டார்ச்சையோ பிரித்துக்கொண்டிருந்தான். "விதி எல்லாருக்கும் பொதுதானே. போறேன். அத்தான் போட்ட விதி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு அவ்வளவு நன்றாக வரவில்லை.

கார்டு ஐயா விசிலை எடுத்து ஒரு நீட்டு நீட்டினார். வண்டியை அவசரமாக நிறுத்த ஊதுகிற ஊதல்.

"எங்கே கிளம்பறது? என் வீட்டு கேஸ் சிலிண்டரை யார் தூக்கறது? போன வாரம் எனக்குத் தலை சுத்தி விழுந்தப்போ கீழே கொண்டுபோனது யாரு?"

"என் துணி மூட்டை!" என்றார் தையல்காரம்மா. "எங்க அக்கா முட்டிவலியோட மூணு மாடி எப்படி ஏறுவா?"

"என் கைக்குழந்தை வண்டி!" என்று கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி சொன்னாள்.

கார்டு ஐயா கையை உயர்த்தினார். "நகராட்சி என்ன கேக்குது? மின்சாரத்தை மிச்சம் பிடிக்கற புது ஏற்பாடு. இதோ நிக்குதே! மின்சாரமே கேக்காத லிஃப்ட்! சாப்பாடு போட்டாப் போதும். இதைவிடப் பசுமை எங்கே இருக்கு? தம்பி விருந்தாளி இல்லை, இந்தக் கட்டிடத்தோட பொது வசதி. பொது வசதி கட்டிடத்துலயேதான் இருக்கணும். ஆட்சேபணை உண்டா?"

"இருக்க இடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க ஹால்ல இருக்கட்டுமே," என்றாள் மனைவி. "இவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் மைத்துனன் அவரைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போது படியில் முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டே திரும்பிப் பார்ப்பானே, அதே பார்வை. வரைபடக்காரரின் கை தானாக உயர்ந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மனைவியைப் பிடித்தார்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"என்னத்தை?"

"நடிக்காதே. என் ரூம் போச்சு."

"நீங்க மட்டும் நடிக்கலாமா? ஏங்க, ஒரு ஆளை வெளியே அனுப்ப ஒரு பேட்டையையே பசுமையாக்கணுமா? 'எப்போ கிளம்பறே மச்சான்'னு தினமும் கண்ணாடிகிட்டச் சொல்றீங்களே, அதை அவன்கிட்டச் சொல்றதுதானே?"

"அது உனக்கு எப்படி..."

"பாத்ரூம் கதவு என்ன இரும்பா?"

"அவனுக்கும் கேட்டிருக்குமா?"

"கேக்கலை. அவன் அப்போ தண்ணி மோட்டாரைப் பிரிச்சுக்கிட்டு இருப்பான். கேட்டிருந்தா அன்னைக்கே போயிருப்பான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? போன மாசமே அவன் கிளம்பறேன்னான். பெட்டியைக்கூடக் கட்டிட்டான். காலையில நீங்க வந்து, 'காப்பி குடிச்சியா மச்சான்'னு அவ்வளவு ஆசையாக் கேட்டீங்களாம். 'அத்தானுக்கு நான் இல்லாம முடியாது போல, அக்கா'ன்னு பெட்டியை அவுத்துட்டான்."

வரைபடக்காரர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் போகச் சொல்ல முடியாமல் கேட்ட காப்பியால்தான் அவன் போகாமல் இருந்திருக்கிறான். இரண்டு பேரும் ஒருவர் மனசு நோகக் கூடாதென்று ஒருவரையொருவர் கட்டிப்போட்டிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தொண்டையில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் இருந்தது.

"சரி, என் மேஜை? கண்காட்சி வருதே! இந்த ஹால்ல உன் தம்பியை வெச்சுக்கிட்டு நான் எப்படி முடிப்பேன்?"

"கார்டு ஐயா வீட்டு விருந்தாளி ரூம் இனி காலிதானே? போய்க் கேளுங்க. யோசனை யாரோடது?"

அவர் யோசனைதான். அது வேலை செய்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் சாய்வு மேஜை முதல் மாடிக்குப் போனது. தூக்கிக்கொண்டு போனது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்டு ஐயா தன் அறையைத் திறந்துவிட்டு, வெளியே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். ஆனால் அவருக்கே ஆவல் தாங்கவில்லை. எட்டிப் பார்த்து, "நம்ம தெருவையே செஞ்சா என்ன?" என்றார். எந்த ஊரிலும் இல்லாத ஒரு பேட்டையைச் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தி யோசித்தார். பிறகு அதைக் கலைத்துவிட்டுத் தன் தெருவை ஆரம்பித்தார்.

அதன்பின் அமைதி ஏது? தையல்காரம்மா பச்சைத் துணித் துண்டில் மரம் தைத்துக்கொண்டு வந்தார். கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஜன்னல் ஜன்னலாக வெட்டினாள். சாயங்காலமானால் கத்தியும் பசையுமாக அந்த அறை நிறைந்துவிடும். ஒருவர் வீட்டைச் செய்ய இன்னொருவர் வந்து, "எங்க வீட்டுக் கதவு நீலம்ங்க" என்று திருத்துவார். மைத்துனன் அட்டைக் கட்டிடத்துக்கு நூலும் சக்கரமும் வைத்து, விரலால் சுற்றினால் ஏறி இறங்குகிற குட்டி லிஃப்ட் ஒன்று மாட்டினான். அந்தச் சக்கரம் அத்தான் பத்திரமாக வைத்திருந்த கடிகாரச் சக்கரம். தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் அது ஒரு படம் மாதிரி இருந்திருக்கும். இப்போது பதினாறு வீடும் தன் வீடு எங்கே என்று கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தது.

சின்ன அறையும் சும்மா இருக்கவில்லை. தையல்காரம்மாவின் அக்கா முதல் விருந்தாளியாக வந்தார். மைத்துனன் முதுகில் மூன்று மாடி ஏறி வந்தவர், வைத்தியம் முடிந்து போகும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தன் காலாலேயே படியிறங்கினார். பாதியில் நின்று, மேலே பார்த்து வரைபடக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாலு வருஷமா வலியோட கிடந்தேன். தங்கறதுக்கு இடமில்லாமதான் வரலை. உங்க ரூம் காத்துல படுத்துத்தான் நான் எந்திரிச்சேன். உங்களை மறக்க மாட்டேன்."

வரைபடக்காரர் கும்பிட்டார். கண்ணில் நீர் முட்டியது. இந்தப் புண்ணியத்தில் தன் பங்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். சமையலறையிலிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பி மனசுக்குள் இன்னொரு கும்பிடு போட்டார். இந்தக் காலத்தில் அசட்டுக் கணவனைத் திட்டாமல் நல்லவனாக்கி வைக்கிற மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

கண்காட்சியில் நல்ல கூட்டம். மேலதிகாரி குட்டி லிஃப்டைச் சுற்றிச் சுற்றி விளையாடிவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் மற்றதைப் பார்த்தார். நகராட்சி தெருவைத் தேர்ந்தெடுத்தது. பக்கத்துக் கட்டிடங்களும் ஆளுக்கொரு விருந்தறை ஒதுக்கின. மழைநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். மாடியில் சூரியத் தகடு வந்தது. ரோட்டின் இரு பக்கமும் கன்றுகள் நட்டார்கள். பாராட்டுக் கூட்டத்தில் வரைபடக்காரரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து, "இதெல்லாம் என் மைத்துனனாலதான் ஆரம்பிச்சது" என்றார். அந்த வாக்கியம் எவ்வளவு உண்மை என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைத்துனன் தேம்பியே விட்டான்.

எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு வரைபடக்காரருக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. ஒரு நாள் லீவு போட வேண்டும். தன் பழைய அறையில், இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு, தனியாகக் காலை நீட்டிப் படுக்க வேண்டும். பேராசை என்று சொல்ல முடியாது. அறை யார் யாருக்கு எப்போது என்று ஒழுங்குபடுத்துகிற பொறுப்பை யாரிடம் கொடுத்திருந்தார்கள் என்று வாசகரே ஊகித்திருப்பார்.

"நாளைக்கு ரூம் காலியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"யாருக்குங்க?" குரல் மருத்துவமனைக் குரலாக மாறிவிட்டது.

"எனக்குத்தான்."

"காலிதான். யாரோட விருந்தாளி நீங்க?"

"விளையாடறியா? என் வீட்டு ரூம்!"

"அது பொது ரூமுங்க. பொறுப்பு ஏத்துக்க ஒரு ஆள் சொல்லணும். விதி உங்களோடது."

"அப்போ நீ சொல்லு."

"நான் சொன்னா நீங்களே உங்களுக்குச் சொன்ன மாதிரி ஆகாதா? வீடு ஒண்ணுதானே? நாளைக்கே எல்லாரும் தன் வீட்டு ஆளைத் தானே அனுப்ப ஆரம்பிச்சா ரூம் என்ன ஆகும்? கார்டு ஐயாகிட்டக் கேட்டுப் பாருங்களேன்."

மறுநாள் போய்ப் பார்த்தால், கார்டு ஐயா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. வரைபடக்காரர் தலையணையைக் கையில் இடுக்கிக்கொண்டு, தன் வீட்டு வாசலில், தன் அறைக் கதவுக்கு எதிரே, செய்வதறியாமல் நின்றார். மைத்துனன் ஒரு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தான். விஷயத்தைக் கேட்டான். சிலிண்டரைக் கீழே இறக்கி வைத்தான்.

"அக்கா, நான்தான் பொது வசதியாச்சே. எந்த ஒரு வீட்டையும் சேர்ந்தவன் இல்லையே. நான் பொறுப்பு ஏத்துக்கலாம் இல்லையா?"

"தாராளமா," என்றாள் மனைவி.

கதவு திறந்தது. இரண்டு ஜன்னலையும் மைத்துனனே திறந்துவிட்டான். காற்று வந்தது. கட்டிலைத் தட்டிப் போட்டான், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், அத்தானின் கையிலிருந்த தலையணையை வாங்கித் தலைமாட்டில் சரியாக வைத்தான். வரைபடக்காரர் கட்டில் நுனியில் உட்கார்ந்தார். இத்தனை செய்கிறானே என்று அவருக்கு மறுபடியும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ரொம்ப நன்றி மச்சான்."

"எதுக்கு அத்தான் நன்றியெல்லாம்?" மைத்துனன் கதவை மெதுவாகச் சாத்தப்போனவன், எட்டிப் பார்த்து உருகிச் சொன்னான். "கூச்சப்படாம இருங்க. உங்க சொந்த வீடு மாதிரி நினைச்சுக்கங்க."